கீழே போய்ச் சாப்பிடச் சொன்னார்கள்

அது 2004ஆம் ஆண்டு பனிக்காலம். ஒஸ்லோ நகரின் நடுவில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நகரின் ஓரத்தில் ஹவுகெட்டோ என்ற இடத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கணவர் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். எனக்கு ஒழுங்கான வேலையும் சம்பளமும் இருந்தால்தான் அவரை இங்கே கூப்பிட முடியும். அதனால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

அங்கே நாங்கள் மூன்று பெண்கள். மன்னாரில் இருந்து வந்த ஓர் அக்கா, எரித்திரியா நாட்டுப் பெண் ஒருத்தி, நான். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த நோர்வேஜிய மொழிதான். மதியத்தில் மேல்மாடிக் கன்டீனின் ஒரு மூலை மேசையில் இருந்து, வீட்டிலிருந்து கொண்டுபோனதைச் சாப்பிடுவோம். ஒருவரோடும் வம்புக்குப் போனதில்லை.

ஒருநாள் எங்கள் துப்புரவுக் கம்பனியின் புது மேற்பார்வையாளர் வந்து, இனிமேல் நிலக்கீழ் அறையில் சாப்பிடுங்கள் என்றார். மேலே இருப்பவர்களுக்கு எங்கள் சாப்பாட்டு மணம் ஒத்துவரவில்லையாம். கீழே அந்த அறையில் ஜன்னல் கிடையாது. துடைப்பங்களுக்கும் துப்புரவு மருந்துக் கலன்களுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த வாளிகளின் மேல் இருந்து சாப்பிட்டோம். குளோரின் நெடியில் எனக்குச் சாப்பாடே இறங்காது. அடுத்த நாளிலிருந்து புட்டை விட்டுவிட்டுப் பாணும் சீஸும் கொண்டுபோனேன். அப்போதும் மேலே வரவேண்டாம் என்றுதான் சொன்னார்.

அந்தச் சமயம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க இரண்டு நோர்வேக்காரர்கள் வந்திருந்தார்கள். உடுப்பெல்லாம் பெயின்ட், சப்பாத்திலும் பெயின்ட். அவர்களும் எங்களைப்போல வெளியிலிருந்து வந்த வேலையாட்கள்தான். ஆனால் அவர்கள் கன்டீனில், எங்களுடைய அந்த மூலை மேசையிலேயே இருந்து சாப்பிடுவதை அக்கா கண்டுவிட்டார். கீழே வந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். எரித்திரியப் பெண்ணும் எழும்பினாள்.

"நீ இஞ்சை இரு பிள்ளை. உன்ரை மனுசன் வந்து சேரட்டும். நாங்கள் ரெண்டுபேரும் போறம்" என்றார் அக்கா.

அவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் இளைஞராக இருந்தபோது எங்கள் சாதிக்காரர் தேநீர்க் கடைக்குள் போக முடியாது. வெளியில் நின்று, தங்களுக்கென்று ஒதுக்கிய போத்தலில் வாங்கிக் குடிக்க வேண்டும். பிறகு ஊர் இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து கடைக்குள் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். அடியும் வாங்கினார்கள். அப்பாவும் அதில் ஒருவர். இதையெல்லாம் நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. இவ்வளவு தூரம் வந்தும் வாளிமேல் இருக்கிறேனே என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.

பெயின்ட்காரர்களின் மேசையில் இடமிருந்தது. பக்கத்தில் போய் இருந்தோம். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பெட்டியைத் திறந்தார். புட்டும் மீன்குழம்பும். மேற்பார்வையாளர் வேகமாக வந்து நின்றபோது அக்கா சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் செபம் முடியும்வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பிறகு தணிந்த குரலில், கீழே போங்கள், இல்லாவிட்டால் கம்பனிக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். விசா போய்விட்டது என்றே நினைத்தேன்.

எரித்திரியப் பெண் மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

அவர் முகம் சிவந்தது. வெளியாட்களுக்குக் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தார்.

பெயின்ட்காரர்களில் மூத்தவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்படியா? எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே. நாங்களும் கீழே போக வேண்டுமா?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பாண் துண்டுகளைச் சுற்றி எடுக்கவும் தொடங்கினார். மேற்பார்வையாளர் சுற்றியிருந்த மேசைகளைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விட்டார்.

அது வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு நாட்களும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கணவர் தொலைபேசி எடுத்தபோது, இஞ்சை எல்லாம் சுகம் என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் பேசினாள். முதல் வார்த்தையிலேயே வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டதால், அவள் சொன்ன பாதி எனக்குக் காதில் ஏறவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எரித்திரியப் பெண் தொழிற்சங்கத்துக்கு அறிவித்துவிட்டாளாம். அப்படி ஒரு விதியே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் இருந்து சாப்பிடுங்கள், மன்னிக்க வேண்டும் என்றாள். என் வேலைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். ஏன் ஆகவேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் இருந்து அழுதேன், பிறகு சிரித்தேன். அக்காவிடம் சொன்னபோது, "எனக்கும்தான் பயம். செபத்தை ஏன் அவ்வளவு நீட்டினனான் எண்டு நினைக்கிறாய்?" என்றார்.

அந்த மேற்பார்வையாளரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வசந்தத்தில் கணவர் வந்து சேர்ந்தார்.

கம்பனி விசாரித்தபோது, கட்டட நிர்வாகிகள் சொன்னதாக மேற்பார்வையாளர் சொன்னாராம். அப்படிச் சொல்லவேயில்லை என்றார்களாம் அந்த நிர்வாகிகள். எங்களைக் கீழே அனுப்பியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன்னுடையது என்று ஒருவருமே ஒப்புக்கொள்ள வெட்கப்பட்ட ஒரு விதிக்குப் பயந்து அத்தனை நாள் இருட்டறையில் சாப்பிட்டிருக்கிறோம். அன்றிலிருந்து, யாராவது என்னை ஒதுங்கி நில் என்றால், விலகுவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தடவை சத்தமாகக் கேட்டுவிடுகிறேன்.