மீன் ஜாடிகள் இருந்த கூடம்

மகளைச் சேர்க்கப் போன கல்லூரியின் ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியதும், இன்று லாட்ஜாகிவிட்ட எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் கூடம் கண்முன் வந்தது. விலங்கியல் ஆசிரியரான அப்பா அங்கே கண்ணாடி ஜாடிகளில் மீன்களைப் பாடம் செய்து வைத்திருந்தார். ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து நேராக வரும் மாமா, அம்மாவின் தம்பி, அவற்றின் எதிரே உட்கார்ந்து காபி ஆறி ஆடை கட்டும்வரை அப்பாவோடு வாதாடுவார்.

"மீன்லேர்ந்துதான் நாமெல்லாம் வந்தோம். இதுல உன் பெருமாள் எங்கே வந்தார்?" என்பார் அப்பா.

"அந்த மீனே பெருமாள்தான், அத்திம்பேர்" என்பார் மாமா.

நானும் தங்கையும் சிரிப்போம்.

நான்கு வயதில் தங்கை மூளைக்காய்ச்சலில் இறந்தாள். அவளை அதே கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் அவர்கள் ஓயவில்லை.

"பகவானை வாய்க்கு வந்தபடி பேசின வீடு" என்றார் மாமா.

"நீயும் உன் அக்காவுமா ரெண்டு நாள் கோயில் தீர்த்தம் கொடுத்துண்டிருந்தேள். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பா" என்றார் அப்பா.

குரல்கள் ஏறின. தங்கையின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிரவே இல்லை.

"யார் ஜெயிச்சேள்னு சாவகாசமா பேசிக்கோங்கோ" என்றாள்.

பிறகு குழந்தையைத் தானே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் இறங்கி மயானத்தை நோக்கி நடந்தாள். தெருவில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.