பெரும்பாக்கம் முதல் ஊரப்பாக்கம் வரை: ஜோயல் ரயிலேறிய செவ்வாய்க்கிழமை

மலை, அருவி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தப் பயணம் மொத்தமே இருபத்து நான்கு கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்கும் தம்பிக்கும் மூன்று வாரம் ஆனது. போன செவ்வாய்க்கிழமை கடந்துவிட்டோம். இதை எழுதும்போதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது!

தம்பி ஜோயலுக்கு நாலு வயது. ஆட்டிசம் இருக்கிறது, இன்னும் பேச்சு வரவில்லை. அம்மா சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட நான்தான் பகலில் அவனோடு இருப்பேன். பக்கத்தில் விசாரித்த தெரபி சென்டர்களில் ஒரு முறைக்கு எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். ஊரப்பாக்கத்தில் ஒரு சிறிய மையம் நூறு ரூபாய்க்குச் செய்கிறது. ஐந்து மாதம் காத்திருந்து அங்கே இடம் கிடைத்தது.

முதல் தடவை அம்மா லீவு போட்டு மூவரும் கிளம்பினோம். தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் ஹாரன் சத்தம் தாங்காமல் ஜோயல் தரையில் படுத்துவிட்டான். அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். மையத்துக்கு போன் செய்தபோது அன்பாகத்தான் சொன்னார்கள்: மூன்று வாரம் கழித்து இன்னொரு நாள் தருகிறோம், அன்றும் வர முடியாவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அம்மாவுக்கு மறுபடி லீவு கிடையாது. ஆக, நானும் ஜோயலும் மட்டும்.

எங்கள் பிளாக்கில் லிஃப்டைக் கண்டாலே அலறியவன், நாளுக்கொரு மாடியாகப் பழகி இப்போது லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். பயணத்தையும் அப்படியே துண்டு துண்டாகப் பழக்கலாம் என்று தோன்றியது. முதலில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை போய்த் திரும்பினோம். பிறகு மேடவாக்கம் வரை. பிறகு தாம்பரம். ரயில் நிலையத்தில் மட்டும் படியிலிருந்து இறங்கியதும் நின்றுவிடுவான். மூன்றாவது முறை அவனே வழி கண்டுபிடித்தான். பார்வையில்லாதவர்களுக்காக நடைமேடையில் புள்ளிப் புள்ளியாகப் புடைத்த மஞ்சள் டைல்ஸ் பதித்திருப்பார்களே, அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தான். அந்தக் கோட்டில் கால் பட்டால் போதும், சிரித்துக்கொண்டே பெண்கள் பெட்டி நிற்கும் இடம் வரை வருவான். இரண்டு முறை ஊரப்பாக்கம் வரை ரயிலிலும் போய்விட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மையத்தில் ஒன்பதரைக்கு இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ அண்ணனுக்கு எங்களை நன்றாகத் தெரிந்துவிட்டது.

"இன்னா பாப்பா, இன்னிக்கி எதுவரிக்கும்? பாதியில எறங்கிடுவியா?"

"இன்னைக்கு ஊரப்பாக்கம், அண்ணா."

"தோ பார்றா! அப்ப இன்னிக்கி ஃபைனலு!" என்றவர், மேடவாக்கம் வரைக்கும் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் கிழக்குக்கு சாதாரணக் கட்டணப் பேருந்து பிடித்தோம். பெண்களுக்குக் காசு இல்லை, ஜோயலுக்கும் இல்லை. பத்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். ஜோயல் காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தான். அதில் பாட்டு ஓடாது, சத்தம் குறைவதற்காக மட்டும்தான். ஊரப்பாக்கத்துக்கு ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். எட்டே முக்காலுக்கு நடைமேடையில் இறங்கினோம். ரயில் எட்டு ஐம்பத்தாறுக்கு. அதை விட்டால் அடுத்தது ஒன்பது இருபதுக்கு, அதில் போனால் ஒன்பதரையைப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் நான் செய்திருந்த முட்டாள்தனம் புரிந்தது. ரயில் நிலையத்துக்கு வந்தபோதெல்லாம் பதினொரு மணிக்கு வந்திருக்கிறேன், நடைமேடை காலியாகக் கிடக்கும். எட்டே முக்காலுக்கோ வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். சரியாக மஞ்சள் கோட்டின் மேல்!

ஜோயல் செருப்பைக் கழற்றினான். நாலடி நடந்தான். எதிரில் ஒரு ஜோடி ஷூ. நின்றான். சுற்றிப் போகலாம் என்று இழுத்தேன், வரவில்லை. தூக்கப் பார்த்தேன், உடம்பை விறைத்துக்கொண்டான். "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் தொடங்கியது. அது ஏறினால் அடுத்தது தரையில் படுப்பதுதான்.

கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட வாய் திறந்து கேட்காதவள் நான். ஷூ போட்டவரின் பையை மெதுவாகத் தொட்டேன். இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

"இன்னா?"

"கொஞ்சம்... இந்த லைன்லருந்து..."

"ஏன், லைன் உன்னுதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோயலின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்: "தம்பிக்கு ஆட்டிசம். இந்தப் புள்ளி கால்ல பட்டாதான் நடப்பான். ஒன்பதரைக்கு தெரபி. இந்த ட்ரெயின விட்டா எடம் போய்டும்."

அவர் உடனே விலகிவிட்டார். "சாரிம்மா, தெரியாம சொல்லிட்டேன்." அங்கே கொய்யாக்கூடையோடு நின்ற ஒரு அக்கா என்னைவிட வேகமாக இருந்தார். "யோவ், நவுருங்கய்யா! கொயந்த நிக்கிது, கண்ணு தெர்ல? ஏய் நீல சட்ட, ஒன்னத்தான்!"

நீலச் சட்டை ஒரு காலேஜ் அண்ணன். அவர் துள்ளி விலகி, முன்னால் இருந்தவரைத் தட்டினார். "மச்சான், லைன விடு, வண்டி வருது!"

"எந்த வண்டிடா?"

"தம்பி வண்டிடா! வழிய விடு!"

அவ்வளவுதான். "லைன் விடு, லைன் விடு" என்று அந்த வார்த்தை எங்களுக்கு முன்னால் ஓடியது. கால்கள் ஒவ்வொன்றாக விலகின. மஞ்சள் கோடு பளிச்சென்று திறந்துகொண்டே போனது. ஜோயல் நடந்தான், அந்த "ம்ம்ம்" நின்று சிரிப்பு வந்துவிட்டது. உற்சாகத்தில் யாரோ கை தட்டினார்கள், நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் தோள் சுருங்குவதைப் பார்த்தேன்.

"கை தட்டாதீங்க!"

கத்தியது நான்தான்! தாம்பரம் ரயில் நிலையத்தில், அத்தனை பேர் நடுவில், நான்! சட்டென்று சத்தம் நின்றது. நீலச் சட்டை அண்ணன் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, சத்தமில்லாத கைதட்டலாக ஆட்டிக் காட்டினார். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நாங்கள் போவதற்கும் ரயில் வருவதற்கும் சரியாக இருந்தது.

ஒன்பது கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். ஊரப்பாக்கத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் மையம். ஒன்பது இருபத்தேழுக்கு உள்ளே நுழைந்தோம். தெரபிஸ்ட் அக்கா எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. "வேலைக்குப் போய்ட்டாங்க. நான் அவனோட அக்கா."

"வீட்ல இவன் யார்கூட ஜாஸ்தி இருப்பான்?"

"என்கூட."

"அப்ப நீதான் உள்ள வரணும். வா, வா. அம்மா ஒரு சனிக்கிழம வந்து பேசட்டும்."

முதல் இருபது நிமிடம் ஜோயல் மேசைக்கு அடியிலேயே இருந்தான். தெரபிஸ்ட் அக்கா அவனை இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சோப்பு நுரைக் குமிழி ஊதினார். ஊதிவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஜோயல் வெளியே வந்து, குமிழிக் குச்சி இருந்த அவர் கையைப் பிடித்து அவர் வாயருகேயே கொண்டுபோய் வைத்தான். "பாத்தியா? இப்ப அவன் என்கிட்ட கேட்டான்" என்றார். வீட்டில் அவன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் நான். இனி கொஞ்சம் காத்திருக்க வேண்டுமாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒன்பதரை மணி ஜோயலுக்கு என்று முடிவானது.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன். "எடம் கெடச்சிருச்சும்மா" என்றதும் அந்தப் பக்கம் வாளி உருளும் ஓசை கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்ட்டானா?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் துண்டு துண்டாகப் போய்ப் பழக்குங்கள், ஆனால் போகப்போகிற அதே நேரத்தில் பழக்குங்கள். மஞ்சள் கோடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் தண்டவாளப் பக்கம் நீங்கள் நடந்து, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை வியர்த்தால் விரல் வழுக்கும். ரயில் வரும்போது நடப்பதை நிறுத்தி, பின்னால் தள்ளி நில்லுங்கள். ஒரு வழிக்கு எங்களுக்கு ஆனது இருபத்தைந்து ரூபாய்.

அம்மா, அப்பாவுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்காவோ சித்தியோ, குழந்தை யாரோடு அதிகம் இருக்கிறதோ அவரே கிளம்பட்டும். உள்ளே கூப்பிடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கே இருப்பேன். நானாக வந்து பேசுவேனா தெரியாது. நீங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள், கொஞ்ச நேரத்தில் பேசிவிடுவேன்.