வாரம் ஒரு பாட்டு பீரியட்

அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் என்றால், வேறு யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் உட்கார வைக்கும் ஆள் என்று அர்த்தம். பாட்டோ ஓவியமோ தையலோ சொல்லித் தருகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடன் வாங்கிய வகுப்பு

நான் வேலை பார்ப்பது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் செல்வி என்றொரு பெண். திக்குவாய். பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வாள். கையால் தாளம் போட வைத்து, பாடத்தை அந்தத் தாளத்துக்குச் சொல்ல வைத்தேன். எங்கே மூச்சு எடுப்பது என்று பிடிபட்டதும், நாலு வரி திக்காமல் சொன்னாள். அடுத்த வாரம் பாட்டு பீரியடுக்குப் போனால் கரும்பலகை முழுக்க அல்ஜீப்ரா. கணக்கு சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டு எங்க ஓடிடப் போவுது டீச்சர்? எனக்குப் போர்ஷன் முடியல."

பஸ் ஸ்டாப்பில்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகியே செல்வி கள்ளக்குறிச்சியில் நடக்கவிருந்த பாட்டுப் போட்டிக்குத் தயாரானாள். போட்டியன்று காலை நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அப்பா வந்தார். கரும்பு வெட்டுகிறவர். வீட்டில் வேலை இருக்கிறது என்று மகளை வண்டியில் ஏற்றினார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவள் அழவில்லை, எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மெடல வச்சிக்கினு இன்னா வேல கேக்கறது?"

மைக் முன்னால்

காலேஜ் முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வரவேற்பு வேலைக்குச் செல்வி இன்டர்வியூ போனாள். ஒரு அறிவிப்பை மைக்கில் படிக்கச் சொன்னார்களாம். மேசைக்கு அடியில் தொடையில் தாளம் போட்டபடியே படித்திருக்கிறாள். வேலை கிடைத்தது. மேனேஜரம்மா கேட்டதை எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"டிகிரி எல்லார்கிட்டயும் இருக்கு. இவ்ளோ நிதானமா பேச யாரும்மா கத்துக் குடுத்தாங்க?"

ஆண்டு விழா

பள்ளி ஆண்டு விழாவில் பேச, பழைய மாணவி என்று அவளையே அழைத்தார்கள். பாட்டு வகுப்பில்தான் பேசக் கற்றேன் என்று மேடையில் தெளிவாகச் சொன்னாள். அடுத்து மைக் பிடித்த தலைமை ஆசிரியர், எல்லாம் நம் பள்ளியின் ஸ்பெஷல் கோச்சிங் என்றார். இறங்கி வந்தவரிடம், அந்தப் பெண் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா சார் என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர், நாட்டுப்பண் பாடப் பிள்ளைங்கள நிக்க வச்சிட்டீங்களா?"

பாட்டுக்கு ஒதுக்க வாரத்தில் ஒரு பீரியட்டுக்கு மேல் இல்லை. அது பிழைப்புக்கு உதவாது என்று எனக்கு எடுத்துச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் வாரம் முழுக்க நேரம் இருக்கிறது.