ஈரானுக்குப் போகாத தேயிலை

தூளாக்காத இலைத் தேயிலைக்கென்று ஒரு வாசம் உண்டு. காய்ந்த வைக்கோலில் லேசாகத் தேன் கலந்த மாதிரி... ஆரியசாலையில் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே மூக்கைத் தொடும்.

எனக்கு அது முதல் வேலை. மலைத் தோட்டங்களில் தேயிலை வாங்கி ஈரானுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனி.

ஒரு நாள் பேங்கிலிருந்து போன். ஈரான் மேல் அமெரிக்கா தடை போட்டுவிட்டதாம். அங்கிருந்து வரும் பணத்தை இனி வாங்க முடியாதாம். கப்பல் கம்பெனியும் கைவிரித்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. குடோன் நிரம்பியதால் வாங்குவதை நிறுத்தினோம். மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு வேலை குறைந்தது. லாரி ஓட்டிய ஸ்டீபன் அண்ணனுக்கு லோடு இல்லை. எங்களுக்குப் பேப்பர் சாக்கு தைத்துத் தரும் செல்வி அக்காவின் கரமனை ஷெட்டில் மிஷின்கள் நின்றன. ஈரான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யோசித்திராதவர்கள்...

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வியாபாரி வந்து மொத்தச் சரக்கையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். முதலாளி தலையாட்டப் போனார். பாக்கி கேட்க வந்திருந்த செல்வி அக்கா விடவில்லை.

"அண்ணாச்சி, இத இப்ப குடுத்தா நாம எல்லாரும் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். ஈரான்காரனுக்கு மட்டுந்தான் வாயி இருக்கா? நம்ம ஊருல ஒருத்தனும் சாயா குடிக்கலியா?"

முதலாளி காலண்டரைப் புரட்டினார். பிறகு, "செரி, ஓணம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

நானும் அக்காவும் சாம்பிளோடு டீக்கடை டீக்கடையாக ஏறினோம். எல்லோரும் சிரித்தார்கள். இலைத் தேயிலை பாலில் நிறம் தராது. கடைசியில் ஒரு கடைக்காரச் சேட்டன் பால் விடாமல் குடித்துப் பார்த்தார்.

"பாலுக்குக் கொள்ளில்லா, மோளே. பட்சே கட்டன்... அடிபொளி!"

பாலுக்கு ஆகாதது கட்டனுக்குப் பிரமாதமாம். கட்டன் சாயா, பால் விடாத டீ! இந்த ஊர் விடிவதே அதில்தானே... எங்களுக்குத்தான் உறைக்கவில்லை.

ஷெட்டில் சாக்குக்குப் பதில் சின்னப் பொட்டலங்கள் தயாராயின. சாலைக் கடைத்தெருவில் ஸ்டவ் வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் கட்டன் ஊற்றிக் கொடுத்து விற்றோம். அந்த வியாபாரி காரை நிறுத்தி, "எக்ஸ்போர்ட் கம்பெனி ரோட்டுக்கு வந்தாச்சா?" என்றார்.

அக்கா ஒரு கிளாஸை நீட்டினாள். "வந்தாச்சு சாரே. நீங்களும் ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க."

ஓணத்துக்குள் குடோன் பாதி காலியானது; என்றாலும் எல்லாம் நிமிர்ந்துவிடவில்லை. ஸ்டீபன் அண்ணன் லாரியை விற்றுவிட்டு கல்ஃப் போனார். மலையிலிருந்து பல குடும்பங்கள் இறங்கிப் போயின. ஆனால் ஷெட்டைப் பூட்டவில்லை. சரக்கையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏற்றுமதி மறுபடி தொடங்கிய அதே ஆபீஸில் இன்று நான் மேனேஜர். செல்வி அக்கா இப்போது தன் மகளோடு கோயம்புத்தூரில். அவள் சத்தம் இல்லாத ஆபீஸ் இன்னும் பழகவில்லை...

போன வாரம் டிவியில் மறுபடி தடை, கப்பல் நிறுத்தம் என்று செய்தி. புதிதாகச் சேர்ந்த பெண் முகம் வெளிறி வந்தாள்.

"சேச்சி, இனி நம்ம எந்து செய்யும்?"

"விப்போம். வேற என்னத்த செய்ய?" என்றேன்.