மருந்து தொடங்கிய பின் வந்த காய்ச்சல்

மருந்துக் குளிசை போடத் தொடங்கி இருபத்திரண்டாம் நாள், ஷேவ் எடுக்கும்போது கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அழுத்தினால் நகர்ந்தது. நோகவில்லை. நோகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதென்று தெரியவந்து அப்போது இரண்டு மாதம். துறைமுகத்தில் லொறிகளை நிறுக்கும் மேடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிமெந்து ஏற்றிய லொறி மேடையில் வந்து நிற்க, கண்ணாடி அறைக்குள் இருந்தபடி நிறையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்க்குள் வெள்ளை படர்ந்து சோறு இறங்காமல், காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. உட்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்த அவளுடைய வீட்டில்தான் நானும் இருந்தேன். சீனன்குடாவில் வேலை செய்யும் அத்தானிடம் எனக்குக் குடற்புண் என்று சொல்லி வைத்திருந்தோம். அவர்களுடைய ஐந்து வயது மகளை, என் மருமகளை, நான் தூக்குவதை நிறுத்தியிருந்தேன். தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று கிளினிக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கை போகவில்லை.

கிளினிக் டொக்டர் நடுத்தர வயதுப் பெண். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. முதல் நாளே அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: பல வருடங்களுக்கு முன் எப்போதாவது இரண்டு கிழமைக்குக் காய்ச்சல், தொண்டை நோ, உடம்பில் சிவந்த பொட்டுகள் வந்ததா? வந்ததுதான். கட்டாரில் வேலைக்குப் போன இரண்டாம் வருடம். அங்கே நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி டொக்டர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தொழிலாளர் விடுதியில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். டெங்கு என்று நினைத்தேன். தானாக மாறிவிட்டது, வேலைக்குப் போனேன், மறந்துவிட்டேன்.

உடம்பு அந்தக் கிருமியை முதன்முதலில் அடையாளம் கண்டு போராடியதன் காய்ச்சல்தான் அது என்று டொக்டர் சொன்னார். உடம்பு வெறுமனே இருக்கவில்லை, கிருமி புகுந்த உடற்கலங்களைத் தேடித் தேடி அழித்தது, கிருமியின் உருவத்துக்கு ஏற்றபடி பிறபொருளெதிரிகளைச் செய்தது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்துப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பரிசோதனையில் அகப்பட்டதும் எட்டு வருடமாக என் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிறபொருளெதிரிகள்தானாம். ஆனால் இந்தக் கிருமி தன் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்றைய உருவத்துக்குச் செய்தது இன்றைய உருவத்தில் பிடிக்காது. போதாததற்கு, மற்றக் கலங்களுக்குக் கட்டளை கொடுக்கிற வெண்குருதிக் கலங்களுக்குள்ளேயே அது போய் இருந்து பெருகுகிறது. என்னிடம் அந்தக் கலங்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தன.

இதையெல்லாம் கேட்டு வீட்டுக்கு வந்த பிறகு பல நாட்கள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் எனக்குள் இத்தனை வருடம் இவ்வளவு நடந்திருக்கிறதே என்ற பயம். பசி, தூக்கம் எதையும் நம்ப முடியவில்லை.

குளிசை தொடங்கியதும் முதல் இரண்டு கிழமை நன்றாகப் போனது. வாய்ப்புண் ஆறியது. அக்கா வைத்த கீரிமீன் சொதியை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் இந்தக் கட்டி.

ஒரு கிழமைக்குள் அது தேசிக்காய் அளவுக்கு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பின்னேரம் நான்கு மணியானால் காய்ச்சல் தொடங்கும். சீட்டு எழுதும் விரல்கள் நடுங்கும். என்னோடு வேலை செய்யும் கிண்ணியாக்காரர் பார்த்துவிட்டு, தாடை வீங்கும் கூகைக்கட்டாக இருக்கும் என்றார். நானும் ஓம் என்றேன். சட்டைக் கொலரை உயர்த்திவிட்டுக்கொண்டேன். ஃபோனில் தேடிப் பார்த்தேன், நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுத்துத் தேடினேன்.

மருந்து தொடங்கும்போது காய்ச்சலோ வீக்கமோ வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. போனால் புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். எனக்கு ஒரு கணக்கு மட்டும் விளங்கியது: குளிசைக்கு முன் கட்டி இல்லை, குளிசைக்குப் பின் கட்டி. அதனால் குளிசையை நிறுத்தினேன். அக்காவுக்கு முன்னால் எடுத்து, தண்ணீர் குடித்து, விழுங்கியதுபோலக் காட்டிக் கையில் மறைத்துக்கொள்வேன். வெளியே எறியவும் பயம். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரிந்து குப்பையைக் கிளறித் தின்னும். ஒரு மான் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று காற்சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் உடுப்புத் தோய்க்க எடுத்தபோது அக்கா கண்டுபிடித்துவிட்டாள். நான்கு குளிசைகளையும் குசினி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னடா இது?"

நான் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செத்துப்போறதெண்டு முடிவெடுத்திட்டியோ?"

"இல்லையக்கா. சாகக்கூடாதெண்டுதான் நிப்பாட்டினனான்."

கொலரை இறக்கிக் காட்டினேன். அவள் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டிருக்க வேண்டும், நெற்றியையும் தொட்டாள். அதன் பிறகு எதுவும் கேட்காமல் ஓட்டோவுக்கு ஃபோன் எடுத்தாள். போகும் வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள்.

டொக்டர் என்னை ஏசவில்லை. கழுத்தைத் தடவினார், கக்கத்தைப் பார்த்தார், எத்தனை நாள் விட்டீர்கள் என்று கேட்டார். நான்கு என்றேன். இன்றைக்கே திரும்பத் தொடங்க வேண்டும், விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார். பிறகு, காசநோயாக இருக்கும் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார்.

"குளிசை தொடங்க முதல் எடுத்த எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையெண்டு சொன்னீங்களே" என்றேன்.

"ஓம். அப்பவும் காசநோய்க் கிருமி உள்ளுக்குக் கிடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற கலங்கள் உங்களிட்ட இருக்கேல்ல. கண்டாத்தானே வீங்கும், காய்ச்சல் வரும். இப்ப குளிசை வைரசை அடக்கிப் போட்டுது. கலங்கள் திரும்பி வருது. வந்து பாத்தா உள்ளுக்கு ஒரு கிருமி. அதோட சண்டை பிடிக்குது."

"அப்ப இது நல்லதுக்கோ?" அக்கா கேட்டாள்.

டொக்டர் என் கழுத்தை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார். "நல்ல அறிகுறிதான். ஆனா சண்டை கூடினா ஆளுக்கே ஆபத்து. அதோட, நான் நினைக்கிறது பிழையாயும் இருக்கலாம். ஊசி குத்திப் பாக்காமச் சொல்ல ஏலாது."

கட்டியில் ஊசியேற்றி எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். என் உடம்புக்குள் என் பக்கம் நின்று சண்டை பிடிப்பது எது, என்னைக் கொல்லப் பார்ப்பது எது என்று பிரித்தறிய முடியவில்லை. நெருப்பாய்க் கொதித்தால் கலங்கள் கூடிவிட்டன என்று நினைப்பேன். அடுத்த நிமிடம், டொக்டர் பிழையென்றால் என்ற எண்ணம் வரும். பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமினால்கூடக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

காசநோய்தான். அந்தப் பெயரைக் கேட்டு நிம்மதியில் அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். நிணநீர்க் கணுவில் வந்தது சாதாரணமாகத் தொற்றாது, ஒரு பாதுகாப்புக்குத்தான் என்று விளக்கினார்கள். ஆனால் மருமகளை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிக்கொண்டு போனபோது நான் வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒன்றுமில்லை. அத்தானுக்குக் காசநோயை மட்டும் சொன்னோம். மருந்து இருக்குத்தானே, மாறிவிடும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

காசநோய்க் குளிசைகளை ஒவ்வொரு நாளும் தாதியின் கண்முன் விழுங்கினேன். அவற்றால் எச்.ஐ.வி. குளிசையின் வேகம் குறையும் என்று அதில் காலையில் ஒன்று கூடுதலாகத் தந்தார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதல் தரம் கண்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். கட்டி வற்றுவதற்குப் பதிலாக முதலில் இன்னும் பெருத்தது, தோல் சிவந்து மெலிந்தது, ஒரு காலை தலையணையில் சீழோடு உடைந்தது. உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சண்டை பிடிக்கிறது, அதைக் கொஞ்சம் அமர்த்த வேண்டும் என்று டொக்டர் சில கிழமைகளுக்கு வேறொரு மருந்து கொடுத்தார். பலம் போதாது என்று மருந்து, பலம் கூடிவிட்டது என்று இன்னொரு மருந்து. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. புண்ணுக்குத் துணி மாற்றும்போதெல்லாம் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு செய்வாள்.

நான்காம் மாதம் கழுத்து தட்டையானது. காய்ச்சல் அதற்கு முன்பே போயிருந்தது. இரத்தத்தில் வைரசைக் காண முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று அடுத்த பரிசோதனையில் சொன்னார்கள். இல்லாமல் போகவில்லை, உறங்கிக்கொண்டிருக்கும் சில கலங்களுக்குள் ஒளிந்திருக்கிறது, உடம்பால் அதை அங்கே அடையாளம் காண முடியாது, ஆகவே குளிசை வாழ்நாள் முழுக்க என்றார் டொக்டர். "விட மாட்டீங்கள்தானே?" என்று கேட்டார். விட மாட்டேன் என்றேன்.

அடுத்த மாரியில், மழையில் நனைந்து வேலைக்குப் போன ஒரு நாள், எனக்கு மூக்கொழுகித் தடிமன் பிடித்தது. பின்னேரம் உடம்பு சுட்டது. கண்ணாடி அறையிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு கழுத்து, கக்கம், இடுப்பு மடிப்பு எல்லாம் தடவிப் பார்த்தேன். அடுத்த நாள் விடியவே கிளினிக் வாசலில் நின்றேன். டொக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சாதாரணத் தடிமன், பரசிட்டமோல் போட்டுப் படுங்கோ என்றார். நான் நம்பாமல் கதிரையிலேயே இருந்தேன். ஊரெல்லாம் இதே தடிமன்தான், உங்களுக்கு மட்டும் வேறையாகவா வரும் என்றார்.

மூன்றாம் நாள் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. மருமகளுக்கும் அதே தடிமன். அவளை மடியில் வைத்து மூக்கைத் துடைத்துவிட்டேன்.