கைமடி இல்லாத மிஷின்

இன்று அவிநாசி பஸ்ஸில் டி-சர்ட்டின் உள்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தேன். ஆயுசெல்லாம் பனியன் தைத்த டைலர் நான்!

"ஏனுங்கண்ணா, தையலை ஊருக்கே காட்டறீங்களா?"

பின்சீட்டில் சரோஜா.

தொண்ணூறுகளில் மண்ணரை பனியன் கம்பெனியில் என் மிஷினுக்குக் கைமடி அவள்தான். துணியை மடித்து மடித்துக் கொடுப்பாள், நான் தைப்பேன். கூலி உயர்வு கேட்டு கம்பெனி வாசலில் நின்றபோது என் குரலைவிட அவள் குரல்தான் பெரிது.

டைலர்களுக்கு உயர்வு கிடைத்தது. மறுவாரமே முதலாளி, "இனி கைமடி கட்டுபடியாகாதுங்க. நீங்களே மடிச்சுத் தெச்சுக்குங்க" என்றார். கைமடிப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போனது. சரோஜா அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போனாள்.

"அன்னிக்கு நாம கேட்டது தப்புங்களா அம்மிணி?" என்றேன்.

"நாயந்தானுங்க. எங்களுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கோணும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க பொண்ணு என்ன பண்றாங்கண்ணா?"

"டீச்சருங்க."

"எம்பொண்ணு எட்டாவதோட நின்னுட்டா. நீங்க நல்லாப் படிக்க வச்சுட்டீங்கண்ணா" என்றபடி இறங்கினாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கூலி உயர்வில்தான் படிக்க வைத்தேன் என்று சொல்லவில்லை.