மூன்றாவது பேரிங்

செஞ்சியில் அவலூர்பேட்டை சாலையோரம் என் அத்தை மாவு மில் வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பலகை வண்டி ஒன்று செய்துகொண்டிருந்தேன். சக்கரத்துக்குப் பழைய பேரிங் மூன்று வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவது அத்தையின் மில்லில் சுழன்றுகொண்டிருந்தது. தேய்கிற உத்தேசமே அதற்கு இல்லை.

காரணம் அத்தைதான். காலையில் காப்பி குடிக்கிறாரோ இல்லையோ, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்துவிடுவார். மற்ற மில்காரர்கள் வருடத்துக்கு ஒன்று மாற்றினால் இவர் ஐந்தாறு வருடம் ஓட்டுவார். கஞ்சத்தனம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மத்தியானம், அத்தை சாப்பிடப் போனதும், வாசலில் கொட்டிக் கிடந்த மணலில் ஒரு பிடி எடுத்துக் கிரீஸ் டப்பாவில் கலந்தேன். தெரியாதபடி மேலே மெழுகியும் விட்டேன்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் மில் கரகரத்தது. மோட்டார் கை வைக்க முடியாமல் சுட்டது. அதே அளவு அரிசியை அரைக்க அதிக நேரம் பிடித்தது. கரண்ட் மீட்டரின் சிவப்பு விளக்கு ஓயாமல் சிமிட்டியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நான்காம் நாள், அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியோடு பெண்கள் வரிசையில் நிற்கும்போது, பெரிய கிறீச்சலோடு மில் நின்றது. ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது.

"ஈர அரிசி அக்கா, நாளைக்கு வச்சா புளிச்சிப்பூடும்" என்றாள் பக்கத்துத் தெருப் பெண். அத்தை அவள் பாத்திரத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் கடைத்தெரு மில்லுக்கு அழைத்துப் போனார். அந்த வரிசை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வந்த மெக்கானிக், பேரிங்கில் இருந்த கிரீஸை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"மணலு இருக்குதுக்கா. ஷாஃப்டையும் தின்னுட்டுது."

அத்தை கிரீஸ் டப்பாவைத் திறந்து, தானும் விரலில் தேய்த்துப் பார்த்தார். பேரிங், ஷாஃப்ட், பெல்ட் எல்லாம் பழைய இரும்பும் குப்பையுமாக மில்லுக்குப் பின்னால் போயின. அவ்வளவு இரும்பைப் புதிதாகச் செய்ய எங்கோ மண்ணைத் தோண்டி, உலையில் நெருப்பு மூட்டவேண்டும். அதையெல்லாம் தினமும் ஒரு விரல் கிரீஸ் தடுத்துக்கொண்டிருந்தது. இது நான் வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, பேரிங்கை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். அத்தை எடுத்துக் கொடுத்தார்.

மண்ணெண்ணெயில் கழுவி வண்டியில் மாட்டினேன். அந்தச் சக்கரம் மட்டும் உருளவில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மண்ணில் கோடு போட்டது. இறங்கித் தள்ளினேன். அத்தை மில் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, ஓடலியா?"

"இது மட்டும் சுத்த மாட்டேங்குது அத்தை."

"மண்ணு பூந்தா எப்டி சுத்தும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி.